பட்டைக்கு அடியில் ஒரு கோடு

வாட்ச்சில் விழுந்த கோட்டை யாராலும் எடுக்க முடியாது. கோட்டைச் சுற்றியிருக்கிற உலோகத்தை அந்தக் கோட்டின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம், வாட்ச்சின் உலோகக் கூட்டுக்குக் கேஸ் என்று பெயர், இந்த வேலைக்குக் கேஸ் பாலிஷ்.

புது பைக்கில் முதல் கோடு விழுந்த அன்றைக்குச் சோறு இறங்காமல் படுத்தவர்கள், புது போனைக் கீழே போட்டுவிட்டுத் திருப்பிப் பார்க்கப் பயந்து அப்படியே குனிந்து நின்றவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய், துணிச் சக்கரம் சுற்றுகிற பஃப் மோட்டாரைப் போட்டு, அடுத்தவர் வாட்ச்சைத் தேய்த்துவிட்டு, மூக்கு நிறைய பாலிஷ் மருந்தின் பச்சைப் பொடியோடு திரும்பி வருகிறேன். தும்மினால் என் பாத்ரூம் சுவரே பாலிஷ் ஆகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள்.

சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எந்த வாட்ச்சை நினைத்தாலும் அது கடைசியில் லால்குடிக்காரர் ஒருவரின் வாட்ச்சில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரு உடம்பு கிடக்க, அது அவர்தானா இல்லையா என்ற கேள்வி நான் அழித்த ஒரு கோட்டில் வந்து நின்றது. அதனால் அவர் நடுநடுவே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயக் கத்தி

அவர் பெயர் கலியமூர்த்தி. லால்குடியில் நெல் போடுகிறவர், ஐம்பதை நெருங்கும் வயது. அவர் மேஜைமேல் வைத்த ஸ்டீல் வாட்ச்சைப் பார்த்ததும், இதை வைத்தா களத்தில் நெல் அடித்தீர்கள் என்று கேட்டேன். கோபப்படவில்லை. கல்யாணத்தில் மாமனார் போட்டது என்றார். மோட்டார் கொட்டகைக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். உடம்பு முழுக்கப் பொடிக்கோடு. ஆறுமணிப் பக்கம் மட்டும் ஒரு ஆழமான வெட்டு, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. நகத்தால் தடவினால் நகம் அதில் மாட்டி நின்றது. கிணற்றிலிருந்து மோட்டார் பைப்பைத் தூக்கும்போது விழுந்ததாம். விசேஷ வீட்டில் உட்கார்ந்தால் அவர் மனைவி செல்வி அந்த வெட்டைப் பார்த்துப் பார்த்து, கையைச் சட்டைக்குள் இழுத்துக்கோங்க என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

இப்போது மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வருகிறது. வீட்டில் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறார். கேட்டால் கொட்டகையில் கழற்றி வைத்தேன் என்று சமாளித்துக்கொள்வாராம். பாலிஷ் முடிந்து கட்டிக்கொண்டு போனால் மனைவி பார்த்துவிட்டு, "புது வாட்ச்சா?" என்று கேட்க வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை.

பட்டையைக் கழற்றினேன். பட்டையை மாட்டுகிற இரண்டு கொம்புகளுக்கு நடுவே, பன்னிரண்டு மணிப் பக்கம், உள்ளே மறைவாக ஒரே கீறல் மயம். அதில் ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு நீளமாக ஓடியிருந்தது. யார் ஆபரேஷன் பண்ணியது என்று கேட்டேன். கடைக்கு அலைய முடியாது என்று மனைவியே வெங்காயக் கத்தியால் பட்டை மாற்றிவிடுவார் என்றார். அந்த இடுக்கில் என் சக்கரம் நுழையாது, அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் என்னிடம் சண்டை பிடிப்பார்கள். இவர் சிரித்தார்.

"இருக்கட்டும் சார். அது அவ போட்ட கோடு. பட்டைக்கு அடியில யாரு பாக்கப்போறா?"

ஊருக்கெல்லாம் தங்கம்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒருவர் வந்தார். ரிட்டயரானவர், நெற்றியில் பளிச்சென்று திருமண். அப்பா ஆசார்யன் திருவடி சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, வருஷாப்திகத் திதிக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அப்பாவின் தங்க வாட்ச்சைத் தான் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றார். அதற்குள் கோடெல்லாம் போய்விட வேண்டும்.

அது தங்கம் இல்லை, முலாம். மேலே ஒரு ஈர்க்குக் கனம்கூட இருக்காது, கீழே பித்தளை. தேய்த்தால் கோடும் போகும், தங்கமும் போகும். இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்றார். வாட்ச்சைத் திருப்பி, மணிக்கட்டில் உரசி உரசித் தேய்ந்த மூலையைக் காட்டினேன். பித்தளை பச்சை பூத்துக் கிடந்தது. தங்கம் பித்தளையானால், கடைக்காரன் மாற்றிவிட்டான் என்று கிளம்புவதுதான் வழக்கம். அதற்குத் தயாராக நானும் குரலைச் சரிபண்ணிக்கொண்டேன். அவர் அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் யாரோ கேட்டதுபோல அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வீதியில் போனால் ஜனங்கள் விழுந்து சேவிப்பார்களாம். அவர் பாதரட்சை சத்தம் வாசலில் கேட்டால் அம்மா மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். வாட்ச்சை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"அப்பாவும் இப்படித்தான் சார். ஊருக்கெல்லாம் தங்கம். தேச்சுப் பாத்தவா நாங்க மட்டும்தான்."

கட்டாத வாட்ச்

கே.கே. நகரிலிருந்து வந்த பையனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாட்ச் உயர்ந்த ரகம், மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போட்டது. கோடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பைக் சாவி உரசியது, ஆபீஸ் மேஜை உரசியது, அவ்வளவுதான். அடையாளமே தெரியக்கூடாது, பெட்டியிலிருந்து பிரித்த மாதிரி இருக்க வேண்டும் என்று நின்றார். பெட்டியும் கையோடு கொண்டு வந்திருந்தார், உள்ளே அந்தக் குட்டித் தலையணைகூட அப்படியே இருந்தது.

தேய்க்கத் தேய்க்க வாட்ச் மெலியும், இவ்வளவு பொடிக்கோட்டுக்கு வேண்டாம், கட்டுகிற வாட்ச் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்றேன். நான் வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் மாறிவிட்டது. கல்யாணம் முறிந்து கேஸ் நடக்கிறதாம். போட்டதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். திருப்பிக் கொடுக்கிற பொருளுக்கு எதற்குப் பாலிஷ் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"நாங்க ஒரு நாள்கூட சேர்ந்து வாழலைன்னு கோர்ட்ல சொல்லியிருக்காங்க சார். அப்ப வாட்ச்லயும் கோடு இருக்கக் கூடாதுல்ல?"

வாசலா, சோறா

கலியமூர்த்தி வாட்ச்சில் அந்த ஆறுமணி வெட்டுதான் என் உயிரை எடுத்தது. அதன் ஆழத்துக்கு அங்கே மட்டும் தேய்த்தால் பள்ளமாகிவிடும், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிப்போன கன்னம் மாதிரி தெரியும். சுற்றிலும் ஒரே சீராக இறக்க வேண்டும், விளிம்பும் மழுங்கக் கூடாது. உப்புத்தாளில் ஆரம்பித்துத் துணிச் சக்கரம் வரை வந்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. என் வேலையை நானே மெச்சுவது அபூர்வம், அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

வாங்க வந்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். நகத்தை ஆறுமணிப் பக்கம் ஓட்டினார், வழுக்கிக்கொண்டு போனது. புதுப் பட்டை ஒன்று பழுப்பு நிறத்தில் எடுத்து மாட்டிக்கொண்டார். பழைய பட்டையைக் கடைப் பெயர் போட்ட கவரில் போட்டுக் கொடுத்தேன், பைக் பெட்டியில் வைத்துக்கொண்டார். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்து விட்டிருக்கிறார்கள், பாலத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் நிற்கும், பார்த்துப் போங்கள் என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாசல்லயே கண்டுபிடிக்கிறாளா, சோறு போடும்போது கண்டுபிடிக்கிறாளான்னு பாக்கறேன் சார்."

அந்தக் கை

காந்தி மார்க்கெட் லோடுமேன் முருகேசன் என் பழைய வாடிக்கை. வெங்காய மூட்டை, உருளை மூட்டை, கொக்கி, சாக்கு எல்லாம் உரசி அவர் வாட்ச் எப்போதும் சொறி பிடித்த மாதிரி இருக்கும். பாலிஷ் போடுங்கள் என்று நானாகச் சொன்னாலும், மூட்டை என்ன வாட்ச்சைப் பார்த்தா சார் கூலி கொடுக்குது என்று போய்விடுவார். பின்னால் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி அவருக்கு இடது கை போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவரே கடைக்கு வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தது. வாட்ச் வலது கையில்.

விபத்து நடந்த அன்றைக்கு பேட்டரி தீர்ந்து வீட்டில் கிடந்ததால் வாட்ச் மட்டும் தப்பித்ததாம். இப்போது தினம் மனைவிதான் கட்டிவிடுகிறாராம். எல்லாக் கோட்டையும் எடுத்துவிடுங்கள் என்றார். இத்தனை வருஷம் வேண்டாம் என்றவர் இப்போது ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

"இந்தக் கோடெல்லாம் அந்தக் கையோடது சார். இந்தக் கைக்கு உள்ளது இனிமேதான் விழணும்."

புது வாட்ச்

அந்த வாரம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில், கொள்ளிடத்தில் லால்குடி ஆள் ஒருவரைக் காணோம், பைக் மட்டும் கரையில் நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக நானும் எல்லாரையும் போலக் காவேரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சில நாள் கழித்துக் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கான்ஸ்டபிள். ஒருவர் கலியமூர்த்தியின் தம்பி பன்னீர். அவர்களுக்கு இரண்டடி தள்ளி, கழுத்தில் தாலியும் நெற்றியில் பெரிய பொட்டுமாக செல்வி. கான்ஸ்டபிள் ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தார். உள்ளே வாட்ச். கண்ணாடிக்குள் சேறு, முள் நின்றிருந்தது, பழுப்புப் பட்டை ஊறி உப்பியிருந்தது. கேஸ் மட்டும் நான் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே மினுமினுத்தது.

பன்னீர்தான் விவரம் சொன்னார். வீடு போய்ச் சேராமல் அண்ணன் கரையில் பைக்கை நிறுத்திவிட்டு எதற்கு இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. கீழே நாணல் புதரில் ஒதுங்கிய உடம்பில் முகம் முகமாக இல்லை, உடுத்திய துணியும் இல்லை, கையில் இந்த வாட்ச் மட்டும்தான். பன்னீர் அண்ணன்தான் என்கிறார். மனைவி இல்லவே இல்லை என்கிறார். மனைவி இல்லை என்று நிற்கும்போது உடம்பைக் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். டி.என்.ஏ. பார்க்கப் பன்னீரிடம் ரத்தம் எடுத்து அனுப்பியதற்கு முடிவு வர மாசக்கணக்கில் ஆகுமாம். கிணற்று மோட்டார் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் பன்னீர் எதைச் சொன்னாலும் அந்த அம்மாவிடம் எடுபடவில்லை. பைக் பெட்டியில் கிடைத்த கடைக் கவரைக் காட்டியதற்கும், பட்டை மாற்றினார் என்றால் யார் வாட்ச்சோ அவர் வாட்ச் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். தண்ணீரில் விழுந்த வேறு யாரையோ தூக்கிவிடப் போய் எங்கோ கரையேறி, நினைவில்லாமல் ஏதாவது ஆஸ்பத்திரியில் இருப்பார், வந்துவிடுவார் என்பதுதான் அவர் நம்பிக்கை. கடைக்கு வந்ததுகூட, அவர் வாட்ச் இது இல்லை என்று என் வாயால் பன்னீருக்குச் சொல்ல வைப்பதற்காக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இது யாரோட புது வாட்ச்சோ சார். எங்க வீட்டுக்காரருதுல கோடு இருக்கும்."

கண்ணாடி வேண்டாம்

அந்த மனுஷன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை என் மேஜைக்கு முன்னால் வந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கில் பொடி ஏறினதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

ஆறுமணிப் பக்கம் இருந்த வெட்டை நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. நகம் மாட்டுகிற வெட்டு, அது எப்படித் தடமே இல்லாமல் போகும், பன்னீர் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டார். என் வேலையில் ஒரு குறை, ஒரு நிழல், வெட்டின் ஒரு துளி எங்காவது மிச்சமிருக்காதா என்று விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வாட்ச்சைத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஒன்றும் இல்லை. இத்தனை காலமாகத் தடம் தெரிகிறது என்று வாடிக்கைக்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அன்றைக்குத் தடம் தெரியவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

பட்டைக்கு அடியில் இருப்பது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வாட்ச் இருந்த கவரைப் பார்த்தபோதே வந்துவிட்டது. அதைக் காட்டினால் அந்த வீட்டுக்காரர் அந்த நிமிஷமே செத்துப்போவார், காட்டாவிட்டால் இன்னும் சில மாசம் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பார். பயமாக இருந்தது. ஆனால் பிணவறையில் பெயரில்லாமல் கிடக்கிற மனுஷன் என்னிடம் சிரித்துப் பேசியவர். கான்ஸ்டபிளைப் பார்த்தேன், கழற்றுங்கள் என்று தலையாட்டினார். பின்னைத் தள்ளிப் பட்டையை எடுத்தேன். இடுக்கில் சேறு அடைத்திருந்தது. மருந்தில் தோய்த்த பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பன்னிரண்டு மணிப் பக்கத்தை அந்த அம்மாவை நோக்கித் திருப்பி வைத்தேன். பூதக்கண்ணாடியை நீட்டினேன். கண்ணாடி வேண்டாம் என்று கையைக் காட்டினார். குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அந்த நீளமான கோட்டில் வைத்து, அது வழுக்கி ஓடிய பக்கமே மெதுவாக ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். அப்புறம்தான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"கத்தி வழுக்கிடுச்சுங்க. அன்னிக்கும் அவரு என்னை ஒண்ணும் சொல்லல."

*

அன்றைக்குச் சாயங்காலம் அந்த அம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கிக்கொண்டதாகப் பன்னீர் போனில் சொன்னார்.

அதற்குப் பிறகு, பாலிஷ் போட வாட்ச்சைக் கழற்றி நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குகிறேன், நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்து எல்லாரும் சிரிக்கிறார்கள்.